கூரையைத் தாண்டிப் போன ரொட்டி அடுப்பு

என் கட்டெறும்பே,

அக்கா எழுதுகிறேன். கடிதம் என்றால் நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று நான் படித்த ஐந்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். உன்னிடம் அதை எப்படிக் கேட்பது? நெஞ்சுச் சளிதானே என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய். போகும்போது கிரேன் வண்டிச் சாவியை என் மடியில் போட்டு, "பேட்டரி வயரைக் கழட்டி வைக்கா, நான் வந்து மாட்டிக்கறேன்" என்றாய். வந்து மாட்டவே இல்லை. அதனால் அந்த வரியை விட்டுவிட்டேன். இங்கே நானும் உன் வீட்டுக்காரியும் இருக்கிறோம். சமைக்கிறோம், சாப்பிடுகிறோம், படுக்கிறோம். அதற்குப் பெயர் நலம் என்றால் நலம்.

எழுத்துத் தப்பாக இருந்தால் சிரிக்காதே. வண்டிக்குப் பின்னால் "தல்லி நில்" என்று பெரிதாக எழுதி, ஊரெல்லாம் படித்துச் சிரித்த பிறகும் அழிக்காமல் சுற்றியவன் நீ.

வீட்டுச் சேதி சொல்கிறேன். சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. நீ அடியில் வைத்த பெயிண்ட் டப்பா அங்கேயே இருக்கிறது. தினமும் அதைக் கொட்டுவது என் வேலை. என் முழங்கால் மாடிப்படி ஏறும்போது சண்டை போடுகிறது, இறங்கும்போது சமாதானமாகிவிடுகிறது. உன் செருப்பு வாசலில் கிடக்கிறது. பெருக்கும்போது எடுத்து, பெருக்கி முடித்ததும் அதே இடத்தில் வைக்கிறேன். உன் வீட்டுக்காரியும் அதையேதான் செய்கிறாள் என்று சமீபத்தில்தான் பார்த்தேன். ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி செய்துகொண்டிருந்திருக்கிறோம்.

பக்கத்து வீட்டுப் பூனை உன் வண்டியின் மேல் சீட்டில் குட்டி போட்டுவிட்டது. நீ உட்கார்ந்து கிரேனை ஓட்டுவாயே, அதே சீட்டில்தான். உன் வீட்டுக்காரி விரட்டவில்லை. குட்டிகள் கண் திறக்கிற வரைக்கும் காற்று வரட்டும் என்று தார்ப்பாயின் ஒரு மூலையைத் தூக்கிக் கட்டிவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வண்டி இனிமேல் பூனைக்குத்தான் போல என்று சாடையாகச் சொன்னேன். "பூனைக்கும் லைசென்ஸ் கேப்பாங்க அண்ணி" என்று பதில் வந்தது. எது குறைந்தாலும் அவளுக்கு வாய் குறையவில்லை.

நான் வேலைக்குப் போகவில்லை, தம்பி. முடிச்சு இரண்டு தடவை வந்து கூப்பிட்டான். பெல்ட் கட்டுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று நீதான் அவனுக்கு அந்தப் பெயர் வைத்தாய். உன் வண்டி நின்றதிலிருந்து வேறொரு கிரேன் வண்டியில் சுமைக்கு பெல்ட் மாட்டிக்கொண்டிருக்கிறான். அங்கே சைகை காட்ட ஆள் தேடுகிறார்கள், அக்கா வந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்வார்கள் என்றான். கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொண்டால் என் சைகையை யார் பார்ப்பது என்று கேட்டு அனுப்பிவிட்டேன். சிரித்துக்கொண்டே போனான். ஆனால் நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

உனக்குத் தெரியும். நீ மேலே சீட்டில் இருப்பாய், நான் சுமை இறங்கும் இடத்தில் நிற்பேன். என்ஜின் இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒரு சொல் எட்டாது. கைதான் பேச வேண்டும். ஊர் உலகத்துக்குப் பொதுவான சைகைகள் இருக்கின்றன. நாமும் அதில்தான் தொடங்கினோம். போகப்போக நமக்கென்று தனியாக ஒன்று முளைத்துவிட்டது. இடுப்பில் கை வைத்தால் எனக்குத் திருப்தி இல்லை, பொறு. மோவாயைத் தூக்கினால் மேஸ்திரி வருகிறார், வேகமாக வேலை செய்வதுபோல் நடி. காது மடலைப் பிடித்து இழுத்தால் இவ்வளவு போதும், இனி அது தானாக உட்காரட்டும், தளர்த்து. ஒருநாள் கொசு கடித்து மூக்கைச் சொறிந்ததற்கு நீ தண்ணீர்த் தொட்டியை வலப்பக்கம் திருப்பிவிட்டு, "நீதானேக்கா காட்டுன" என்று என்னிடமே சண்டைக்கு வந்தாய். அப்படி ஒரு பேச்சைப் பேசிப் பழகிய கையை இன்னொருத்தனுக்கு முன்னால் தூக்க எனக்கு மனசு வரவில்லை. ஆள் போன பிறகு அந்தப் பேச்சு மட்டும் எதற்கு?

அவள் என்னைப்போல் உட்கார்ந்துவிடவில்லை. நீ விடுமுறை நாட்களில் வண்டிக் கொட்டகையில் தண்ணீர் டிரம்மைத் தூக்கி இறக்கி அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் விளையாட்டு என்று நான் நினைத்திருந்தேன். நீ போன பிறகு பயிற்சிக்குப் பேர் கொடுத்துப் போய், பரீட்சை எழுதி, ஓட்டிக் காட்டி, லைசென்ஸ் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். நான் பார்க்காததுபோல் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.  "சீட்டு வந்துட்டா கை வந்துடுமா?" என்று கேட்டேன். "வராது அண்ணி. அதுக்குத்தான் உங்களைக் கேக்கறேன்" என்றாள். வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். 

நமக்கு வேலை தரும் மேஸ்திரி வந்தார். நாற்காலி போட்டேன். உட்காராமல் கொட்டகைக்குப் போய் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். வண்டியை அவருக்கே கொடுத்துவிடச் சொல்லிக் கேட்கத்தான் வந்திருந்தார். அவள் முடியாது என்றாள். பிறகு பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஒரே ஒரு வேலை தர்றேன்மா. சுத்தமா முடிச்சுக் காட்டு, இனிமே உன் வண்டியைத்தான் கூப்பிடுவேன். ஏதாச்சும் ஏடாகூடமாச்சு, வண்டி எனக்கு. நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு தையல் மிஷின் வாங்கிப் போட்டு நிம்மதியா உக்காருங்க." கெட்ட மனுஷர் இல்லை. நீ படுத்திருந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்து வராந்தாவில் நின்று அழுதவர். ஆனால் அந்தத் தையல் மிஷின் எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது.

வேலை இதுதான். கடைத்தெருவில் ஒரு ரொட்டிக்கடை. முன்னால் கடை, மேலே குடியிருப்பு, பின்னால் கொல்லைப்புறத்தில் ரொட்டி சுடும் இடம். பழைய அடுப்பு வெடித்துப்போய்க் கடை மூடிக் கிடக்கிறது. புது அடுப்பு வந்திருக்கிறது. உள்ளே சூட்டுக்கல் பதித்த இரும்பு அடுப்பு, ஒரே துண்டு, ஒரு சின்னக் கார் அளவு. கடை வாசலில் நுழையாது. சந்து கிடையாது. கொல்லைக்குப் போக ஒரே வழி, தெருவிலிருந்து தூக்கி வீட்டுக் கூரையைத் தாண்டி அந்தப் பக்கம் இறக்குவது. இறங்கும் இடம் கிரேன் ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரியாது. கூரை மேல் ஒருத்தர் நின்று கை காட்ட வேண்டும்.

முதல் வேலையாக இதைத்தான் கொடுக்க வேண்டுமா என்று நான் மேஸ்திரியை மனசுக்குள் திட்டினேன். உனக்கே இது இரண்டு டீ குடித்துவிட்டு யோசிக்கிற வேலை.

அவள் என்னைக் கேட்டாள். நான் மாட்டேன் என்றேன். கெஞ்சுவாள், அழுவாள், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். "சரி அண்ணி. ரொட்டிக்கடைக்காரர் மச்சானை நிறுத்திக்கறேன். முன்னாடி எங்கேயோ கட்டட வேலை பாத்தவராம்" என்று சொல்லிவிட்டு கிரீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்குப் பாதி நிம்மதி, பாதி ஆத்திரம். முடிச்சு மட்டும் போகிற போக்கில், "மச்சான் கை காட்டுனதைப் பாத்தேன்கா. ஈ ஓட்டற மாதிரியே இருந்துச்சு. ரொட்டிக்கடைல வேற என்ன பழக்கம் வரும்" என்று கொளுத்திப் போட்டுவிட்டுப் போனான்.

வேடிக்கை பார்க்கத்தான் போனேன். நம்பு.

காலையில் தெருவை அடைத்துக் கயிறு கட்டியிருந்தார்கள். தெருக்கம்பியில் மின்சாரத்தை நிறுத்த ஆள் வந்திருந்தார். அவள் உன் காக்கித் தொப்பியைப் போட்டுக்கொண்டு வண்டியை ரிவர்ஸில் கொண்டுவந்தாள். நிறுத்தியதும் கிரேனைத் தொடுவாள் என்று பார்த்தால், கடப்பாறையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். வண்டியின் நான்கு கால்களையும் ஊன்றும் இடத்தில் ஒவ்வொன்றாகத் தரையைத் தட்டினாள். மூன்று இடத்தில் ணங் என்றது. நாலாவது இடத்தில் தொம் என்றது. அடியில் பழைய சாக்கடை. மேஸ்திரி பொறுமை இழந்து, "ஏம்மா, ரோட்டுக்கு வைத்தியம் பாக்கறியா?" என்று கேட்டார். "நாடி சரியில்ல மேஸ்திரி. இங்க ஊனுனா கால் உள்ள போயிடும்" என்று சொல்லி, திரும்ப ஏறி வண்டியை முன்னுக்கு நகர்த்தினாள். தட்டிப் பார்த்தாள். இப்போது நாலும் ணங். அதன் பிறகுதான் கட்டைகளை அடுக்கி, கால்களை இறக்கி, வண்டியின் பாரத்தை டயரிலிருந்து தூக்கினாள். ரசமட்டக் குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை விடவில்லை.

அப்புறம் வண்டியில் ஒட்டியிருக்கும் தகட்டுக்கு முன்னால் போய் நின்றாள். கிரேனின் கை எவ்வளவு நீண்டால் எவ்வளவு தூக்கலாம் என்று போட்டிருக்குமே, அந்தத் தகடுதான். நீ அதைப் பார்த்து நான் ஒருநாளும் கண்டதில்லை. எட்டி நின்று ஒரு கண்ணை மூடி, "வரும்" என்பாய். வரும். உன் கணக்கு உன் கண்ணில் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பெருமைதான். அவள் விரல் வைத்து வரிசை வரிசையாகப் பார்த்துவிட்டு, "வராது" என்றாள்.

ரொட்டிக்கடைக்காரருக்கு முகம் செத்துப்போய்விட்டது. பக்கத்திலிருந்த பெண் ஒருத்தி, கிரேன் வந்தும் தூக்காது என்றால் எதற்கு வந்தது என்று கேட்டாள். உன் வீட்டுக்காரி பொறுமையாகச் சொன்னாள். "தண்ணி வாளியை உடம்போட ஒட்டிப் புடிச்சா எவ்வளவு நேரமும் நிக்கலாம். கையை நீட்டிப் புடிச்சுப் பாருங்க, தோள் கழண்டுடும். இவனுக்கும் அப்படித்தான்." இவன் என்று அவள் சொன்னது உன் கிரேனை. பிறகு அடுப்பின் இரும்புக் கதவுகள், தட்டுகள், கம்பி அடுக்குகள், கழற்ற முடிந்த அத்தனையும் கழற்றச் சொன்னாள். கடையின் பெயர்ப்பலகையையும் இறக்கச் சொல்லி, வண்டியைச் சுவரோடு இன்னும் ஒரு முழம் ஒட்டி நிறுத்தி, மறுபடியும் கால் ஊன்றி, மறுபடியும் தகட்டைப் பார்த்து, "இப்ப வரும்" என்றாள். நீ ஒரு சொல்லில் முடிப்பதை அவள் அரை நாள் வேலையாக்கினாள். ஆனால் தம்பி, அவள் சொன்ன அந்த "வரும்" இருக்கிறதே, நீ சொல்கிற அதே "வரும்"தான்.

அந்த வண்டிக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்த முடிச்சு பெல்ட்டுகளை மாட்டினான். அடுப்பை ஒரு சாண் தூக்கி அப்படியே நிறுத்தினாள். சாய்கிறதா, வண்டிக் கால் அமுங்குகிறதா, பெல்ட் நழுவுகிறதா என்று எல்லோரும் சுற்றி வந்து பார்த்தோம். எல்லோரும் என்று எழுதிவிட்டேன் பார். நானும்தான் குனிந்து பார்த்தேன். அந்த நேரம் கூரை மேலிருந்து மச்சான் கை காட்டத் தொடங்கினான். ஒரு கை மேலே வா என்றது, இன்னொரு கை அந்தப் பக்கம் போ என்றது. தலை வேறு ஆடியது. அவள் லிவரிலிருந்து கையை எடுத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. ஒரு தடவை திரும்பியிருந்தால் நான் வீட்டுக்குப் போயிருப்பேன் என்று நினைக்கிறேன்.

முழங்காலைத் திட்டிக்கொண்டே மாடி ஏறினேன். மச்சானிடம், "தம்பி, கீழ போய் டீ குடிங்க" என்றேன். தப்பித்தால் போதும் என்று இறங்கி ஓடினான்.

கூரை மேல் நின்று இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒரு பக்கம் தெரு, வண்டி, சீட்டில் அவள். மறுபக்கம் கொல்லை, அடுப்பு உட்காரப்போகும் செங்கல் மேடை, அடுப்பு சுற்றாமல் பிடிக்கும் கயிற்றோடு நிற்கும் முடிச்சு, ரொட்டிக்கடைக்காரர். அவளுக்கு அவர்கள் தெரியாது. அவர்களுக்கு அவள் தெரியாது. நடுவில் நான் மட்டும். இத்தனை நாள் கழித்துக் கையைத் தூக்கினேன். கூச்சமாக இருந்தது, புது ஆளிடம் பேச்சுக் கொடுப்பதுபோல. பொதுச் சைகையில்தான் காட்டினேன், மேலே என்று. அவள் ஒரு தடவை தலையாட்டினாள்.

அது ஏறிய அழகை நான் எப்படி எழுதுவேன்! உன் கிரேனின் கை மடங்கியிருந்து, முழங்கை நிமிர்வதுபோல் நிமிர்ந்தது. அந்த முனகல் சத்தம் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவ்வளவு பெரிய அடுப்பு ஆடாமல் அலுங்காமல் கடை வாசலைத் தாண்டி, மாடி ஜன்னலைத் தாண்டி, என் காலுக்குக் கீழிருந்து எழும்பி என் கண்ணுக்கு நேராக வந்தது. எதிர் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் கிளிப்பை வாயில் கடித்தபடியே நின்றாள். நீ தூக்கும்போது சுமை துள்ளிக்கொண்டு கிளம்பும், அதில் ஒரு குஷி இருக்கும். அவள் தூக்கும்போது தூங்குகிற குழந்தையைத் தொட்டிலுக்கு மாற்றுவதுபோல் இருந்தது. இரண்டும் வேறு கை. இரண்டும் நல்ல கை. கண்ணை எடுக்க முடியவில்லை எனக்கு.

கூரையைத் தாண்டியது. இறக்கச் சொன்னேன். இறங்கியது. மெதுவாக என்றேன். மெதுவாக வந்தது. கீழே மேடைக்கு இரண்டு சாண், ஒரு சாண்.

அங்கேதான் நடந்தது. இனி பார்க்க ஒன்றும் இல்லை என்று நினைத்துத் தலையைத் தெருப்பக்கம் திருப்பினேன். எதிர் வெயில் கண்ணில் அடித்தது. அவள் முகம் தெரியவில்லை. சீட்டில் உட்கார்ந்திருக்கும் உருவமும் உன் தொப்பியும் மட்டும்தான் தெரிந்தன. என் கை என்னைக் கேட்காமலே போய்க் காது மடலைப் பிடித்து இழுத்தது.

கிரேன் நின்றுவிட்டது. என்ஜின் இரைச்சலும் தணிந்தது.

கொல்லையிலிருந்து என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்றார்கள். தெருவில் மேஸ்திரி, "ஒரு சாண்தானே, இறக்கிடும்மா! இறக்கு!" என்று கத்தினார். வேடிக்கை பார்த்தவர்களும் இறக்கு இறக்கு என்றார்கள். ஒரு தெருவே சொல்லியும் அவள் இறக்கவில்லை. இரண்டு கையையும் லிவரிலிருந்து எடுத்து, உள்ளங்கை எனக்குத் தெரியும்படி விரித்துக் காட்டினாள். நீங்க சொன்னது எனக்குப் புரியல அண்ணி என்று அர்த்தம்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிட்டு ஏன் நிற்கிறாள் என்று. அப்புறம்தான் என் விரல் இன்னும் என் காதிலேயே இருப்பது தெரிந்தது. கையை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. இந்தச் சைகை இந்த உலகத்தில் இனி ஒருத்தருக்கும் புரியாது என்று கூரை மேல் நின்றுகொண்டிருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. நீ போனதை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், கேட்டுக்கொண்டேன். அந்தக் கூரையில்தான் தம்பி அது என் உள்ளே இறங்கியது.

அந்த நேரம் கொல்லையிலிருந்து முடிச்சின் குரல் உயர்ந்தது. "யோவ், கையை எடுய்யா! ரொட்டிக்குப் பதிலா உன்னைத்தான் சுடணும்!" குனிந்து பார்த்தேன். மேடையில் ஒரு கல் சாய்ந்திருக்கிறது என்று ரொட்டிக்கடைக்காரர் இரண்டு கையையும் முழங்கை வரை அடுப்புக்கு அடியில் விட்டு அதை நிமிர்த்திக்கொண்டிருந்தார். நான் தெருப்பக்கம் திரும்பிய நேரத்தில் கையை விட்டிருக்கிறார். முடிச்சு கயிற்றைப் பிடித்தபடி அடுப்புக்கு மறுபக்கம் நின்றதால் அவனும் அப்போதுதான் பார்த்திருக்கிறான். கிரேன் ஓடிக்கொண்டிருந்தால் அவன் கத்தியது யாருக்குக் கேட்டிருக்கும்?

நீயாக இருந்தால் தளர்த்தியிருப்பாய், கட்டெறும்பே. என் மேல் இருந்த நம்பிக்கையில் கண்ணை மூடிக்கொண்டு தளர்த்தியிருப்பாய். தப்பு உன்னுடையது ஆகாது. கீழே பார்க்காமல் கை காட்டியவள் நான். ஆனால் மாவு பிசைகிற இரண்டு கை போயிருக்கும். தனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளாமல், ஒரு தெருவே கத்தியும் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாளே, அதற்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! பல பேர் கிரேன் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அப்படி நிற்கத் தெரிந்தவர்கள் குறைவு.

ரொட்டிக்கடைக்காரர் கையை எடுத்து, எட்டிப் போய் நின்றதை என் கண்ணால் பார்த்தேன். முடிச்சையும் தள்ளி நிற்கச் சொன்னேன். பிறகு அவள் பக்கம் திரும்பி, எல்லோரும் காட்டுகிற சைகையைக் காட்டினேன். ஒரு கையை அசையாமல் வைத்து, இன்னொரு கையின் ஒற்றை விரலைக் கீழே காட்டிச் சின்னதாகச் சுழற்றினேன். மெதுவாக இறக்கு.   அடுப்பு மேடையில் உட்கார்ந்த சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. பெல்ட் தொய்ந்ததைப் பார்த்துத்தான் உட்கார்ந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

கொல்லையில் கை தட்டினார்கள். ரொட்டிக்கடைக்காரர் தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி என்னிடம் வந்து, "ரெண்டு தையல் மிஷினையும் கேன்சல் பண்ணிட்டேன்கா" என்றார். அவள் சீட்டிலிருந்து இறங்கினாள். தரையில் கால் பட்டதும் வண்டிக் காலுக்கு அடுக்கிய கட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.  நான் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். பாதியைக் குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டினாள். நானும் குடித்தேன். 

வீட்டுக்கு வந்து பெல்ட்டுகளைத் துடைத்துத் தொங்கப் போட்டோம். அவள் ஒரு முனை, நான் ஒரு முனை. குறை சொல்வாள் என்று காத்திருந்தேன். சொன்னால் வாங்கிக்கொள்ளவும் தயாராக இருந்தேன். சொல்லவில்லை. கடைசி பெல்ட்டை மாட்டும்போதுதான் கேட்டாள். "காதைத் தொட்டீங்களே அண்ணி, அது அவரோடதா?" ஆமாம் என்றேன். அவரோடது இல்லை, எங்களோடது என்று சொல்ல நினைத்தேன். ஆமாம் என்று மட்டும்தான் வந்தது. "இன்னும் நிறைய இருக்கா?" இருக்கிறது என்றேன்.

பெல்ட்டின் மடிப்பை நீவிவிட்டாள். பிறகு சொன்னாள். "நான் மேல உக்காந்திருக்கும்போது நீங்க என்ன காட்டறீங்கன்னு எனக்குத் தெரியணும் அண்ணி. எனக்கும் சொல்லிக்குடுங்க. இல்ல, அது உங்க ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும்னா, சரி, நான் கேக்க மாட்டேன். ஆனா கூரை மேல நிக்கும்போது அது உங்க கைக்கு வரவே கூடாது. மறந்துடணும். ரெண்டுல ஒண்ணு."

நியாயம்தானே? வாய்க்கு வாய் பதில் சொல்பவள் அன்றைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டுதான் இதைச் சொன்னாள். அவளுக்கும் நீ வேண்டியவன்தானே. உன்னுடையது என்று இன்னும் என்னவெல்லாம் இருக்கிறது என்று தேடித் தேடிப் பொறுக்குகிறாள் போல.

நாலு நாளாக யோசிக்கிறேன். பாதி கடிதத்தை நேற்று எழுதினேன், மீதியை இன்றைக்கு எழுதுகிறேன். அவள் டீசல் போடப் போயிருக்கிறாள். பூனைக்குட்டிகளைக் கூடையில் போட்டுக் கொட்டகை மூலைக்கு மாற்றிவிட்டோம். தாய் கோபித்துக்கொண்டு ஒருநாள் பூராவும் வண்டி மேலேயே உட்கார்ந்திருந்தது. மேஸ்திரி அடுத்த வேலை சொல்லியிருக்கிறார். ஆற்றுப் பாலத்தில் இரும்பு உத்தரம் இறக்க வேண்டும். அதிலும் பாதி இடம் அவள் கண்ணுக்குத் தெரியாது. அதற்குள் நான் ஒரு முடிவு சொல்ல வேண்டும்.

சொல்லிக்கொடுத்தால், நான் காதைத் தொடும்போது இனி கிரேனை நகர்த்துவது அவள் கை. நீ ஒருத்தன் மட்டும் புரிந்துகொண்டது போய்விடும். சொல்லிக்கொடுக்காமல் மறந்துவிட்டால், நீயும் நானும் பேசியது ஒரு சொல் மிச்சமில்லாமல் போய்விடும். நேற்று அடுப்படியில் யாரும் இல்லாதபோது ஒவ்வொன்றாகக் காட்டிப் பார்த்தேன். இடுப்பு, மோவாய், காது. எல்லாம் அப்படியே இருக்கின்றன.

நீ இருக்கும் இடத்தில் உனக்குப் பாரம் ஒன்றும் இல்லாமல் இருக்கட்டும். நெஞ்சு வலிக்காமல் மூச்சு விடு. அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். என்னை அவள் பார்த்துக்கொள்கிறாள் என்பதும் உனக்குத் தெரியட்டும். இது ஒன்றை மட்டும் நானாக முடிவு செய்ய எனக்குத் துணிவு வரவில்லை. பாதி உன்னுடையது. அதனால் உன் அக்கா உன்னைத்தான் கேட்கிறேன். அவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடட்டுமாடா?